அவருக்கு யாரும் போன் செய்யவில்லை

வேலையில் சேர்ந்த முதல் நாள் எங்களுக்கு ஒரு சத்தத்தைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஸ்காட்லாந்தில் ஏரிக்கு 'லாக்' என்று பெயர். ஆனால் கடைசியில் வருவது நம் 'க்' இல்லை. தொண்டை அடியிலிருந்து காற்றைத் தேய்த்துக்கொண்டு வர வேண்டும். பன்னிரண்டு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, காறித் துப்பப் போகிறவர்கள் மாதிரி முயன்றுகொண்டிருந்தோம். ராயபுரத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி, வீட்டில் உருது பேசுகிறவள், முதல் தடவையிலேயே சரியாகச் சொன்னாள். "இது எங்க வூட்ல டெய்லி பேசற சத்தம்தாம்மா" என்று சிரித்தாள். எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

கிளாஸ்கோ நகரத்திலிருந்து ஆட்களைப் பேருந்தில் ஏற்றி, மலை, ஏரி, கோட்டை, தீவு என்று ஒரே நாளில் காட்டிவிட்டு மாலையில் கொண்டுவந்து இறக்கிவிடும் சிறிய கம்பெனி அது. பேருந்துகளும் ஓட்டுநர்களும் அங்கே. முன்பதிவுக்கு அடிக்கும் போன் மட்டும் சென்னைக்கு வரும். மதியம் ஒரு மணியிலிருந்து இரவு பத்து வரை எங்களுக்கு வேலை. மழைக்காலத்தில் சாலை முழுகிவிட்டால் வீட்டிலிருந்தே செய்யலாம் என்று மடிக்கணினி கொடுத்திருந்தார்கள்; போன் பேசுவதும் அதிலேயேதான்.

நாங்கள் திருவொற்றியூரில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். என் கணவர் டிரெய்லர் ஓட்டுகிறார். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிக்கொண்டு போனால், சில நாள் வரிசையிலேயே அரை நாள் போய்விடும். நான் ஸ்காட்லாந்துக்குப் போனதில்லை, போகப் போவதுமில்லை. ஆனால் மூன்று வருடத்தில் அந்த மலைநாட்டுச் சாலைகள் எனக்கு எண்ணூர் நெடுஞ்சாலையை விட நன்றாகத் தெரிந்துபோயின. எந்த வளைவில் ஏரி முதலில் தெரியும், அதைப் பார்க்கப் பேருந்தில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும், கண்ணை மறைக்கிற மாதிரி முடி தொங்கும் செம்பட்டை மாடுகள் எந்தப் பண்ணை வேலியோரம் நிற்கும், எந்த மாதத்தில் கொசுவை விடச் சின்னதாக ஒரு பூச்சி வந்து மொய்க்கும், எல்லாம் சொல்வேன். "நீங்கள் அடிக்கடி போவீர்களா?" என்று கேட்பவர்களிடம், "இடத்தை எனக்கு நன்றாகத் தெரியும்" என்று சொல்லப் பழக்கியிருந்தார்கள். அது பொய்யில்லை என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெரியவர் போன் செய்தது செப்டம்பரில். எண்பதைத் தாண்டிய குரல். மேற்குக் கரையில் படகேறிப் போகும் ஒரு தீவுப் பயணத்துக்கு, அவருக்கும் மனைவிக்கும் இரண்டு இடம் வேண்டும் என்றார். அக்டோபர் கடைசியில் அந்தப் பருவத்தின் கடைசிப் பயணத்தில்தான் இடம் இருந்தது. அதற்கப்புறம் குளிர்காலம், படகு போகாது. மறுபடி ஏப்ரலில்தான்.

"கடைசிப் பயணமானாலும் பரவாயில்லை. மழை வந்தாலும் பரவாயில்லை" என்றார்.

மின்னஞ்சல் முகவரி கேட்டேன். இல்லை என்றார். கைபேசி? அதுவும் இல்லை. வீட்டுத் தொலைபேசி எண் மட்டும் கொடுத்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். படகில் உள்ளே உட்கார இடம் உண்டா? கழிப்பறைக்குப் படி ஏற வேண்டுமா? தீவில் இறங்கியதும் பள்ளிக்கூடம் வரை நடக்க எவ்வளவு நேரம் ஆகும்?

"அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் என் மனைவி டீச்சராக இருந்தாள். கல்யாணம் ஆன புதிதில் நாலு வருடம் அங்கேதான் குடியிருந்தோம். இப்போது அவளுக்கு மறதி நோய். காலையில் சாப்பிட்டது நினைவில்லை. ஆனால் அந்தத் தீவைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டே இருக்கிறாள். அதுவும் போய்விடுவதற்குள் ஒருமுறை கொண்டுபோய்க் காட்டிவிட வேண்டும்."

நான் வரைபடத்தைத் திறந்து வைத்து, இறங்குதுறையிலிருந்து பள்ளிக்கூடம் வரை பெரிய ஏற்றம் இல்லை, மெதுவாக நடந்தாலும் பதினைந்து நிமிடம் போதும் என்றேன். போகும்போது பேருந்தில் இடது பக்கம் உட்காருங்கள், ஏரி முழுக்க அம்மாவுக்குத் தெரியும் என்றேன். அவர் பென்சிலால் எழுதிக்கொள்ளும் சத்தம் போனில் கேட்டது.

பயணத்துக்கு முந்தின நாள் இங்கே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. வீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். இரண்டரை மணி இருக்கும், கிளாஸ்கோவிலிருந்து ஒரு செய்தி வந்தது. பேருந்து வழக்கமாக நிற்கும் தெருவைத் தோண்டுகிறார்கள். நாளைக்கு மட்டும் இரண்டு தெரு தள்ளி, மாதாகோவில் பக்கத்தில் நிற்கும். மின்னஞ்சல் உள்ளவர்களுக்கு அவர்களே அனுப்பிவிட்டார்கள். மின்னஞ்சல் இல்லாத மூன்று பேருக்கு நாங்கள் போன் செய்து சொல்ல வேண்டும். சொன்ன பிறகு ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இருக்கும் கட்டத்தில் டிக் போட வேண்டும். மூன்று பெயரும் என் பங்குக்கு வந்தன.

இரண்டு பேரிடம் பேசி முடித்தேன். மூன்றாவது அந்தப் பெரியவர். எண்ணைத் திரையில் எடுத்து வைத்திருந்தேன். அப்போது என் கைபேசி அடித்தது. அக்கா.

அக்கா குடியிருப்பது சடையங்குப்பத்தில். வெள்ளம் என்றால் முதலில் தண்ணீர் ஏறும் இடங்களில் அது ஒன்று.

"இன்னாடி பண்ற? தண்ணி வாசப்படி ஏறி உள்ள வந்துகினு கீதுடி. உங்க மாமா ஷிப்டுக்குப் போய்க்கீறாரு, போன எடுக்க மாட்றாரு. ரெண்டு பசங்கள வெச்சிக்கினு நான் இன்னாடி பண்ணுவேன்?"

"மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணியாக்கா?"

"தண்ணிக்குள்ள நின்னுகினு எப்பிடிடி தொடுறது?"

"தொடாத, தொடாத. பசங்கள தூக்கிக்கினு எதிர்வூட்டு மாடிக்குப் போ. எதையும் எடுக்காத. சர்டிபிகேட் பை மட்டும் எடுத்துக்கோ."

அவள் போனை வைக்கவே இல்லை. தண்ணீரில் கால் வைக்கும் சத்தமும் சின்னவன் அழுகிற சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன. இருபது நிமிடம் அப்படியே காதில் வைத்திருந்தேன். மாடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று அவள் சொன்ன பிறகுதான் மடிக்கணினி பக்கம் திரும்பினேன். டீம் லீடரிடமிருந்து மூன்று செய்திகள். பட்டியலை முடித்துவிட்டாயா, கிளாஸ்கோவில் கேட்கிறார்கள், உடனே முடி.

நான் டிக் போட்டேன். அடுத்த நிமிடமே பெரியவருக்குப் போன் செய்துவிடலாம் என்றுதான் போட்டேன். இதை எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். உடனே என் கணவருக்குப் போன் போட்டு அக்கா வீட்டு நிலைமையைச் சொன்னேன். பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது, நெட்டும் போனது. வேலை நேரம் முடிகிற வரை வரவில்லை. அந்தப் பெரியவர் என் நினைப்பிலேயே இல்லை. மறுநாள் லீவு சொல்லிவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் நடந்து அக்காவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தோம்.

அதற்கடுத்த நாள் வேலையில் உட்கார்ந்து, முந்தின நாள் பயணக் குறிப்புகளைத் திறந்தபோதுதான் பார்த்தேன். பயணத்தன்று அந்தப் பெரியவர் போன் செய்து பேசியது எங்கள் குழுவில் இன்னொரு பையனிடம். அவன் நாலு வரி எழுதி வைத்திருந்தான். வாடிக்கையாளரும் மனைவியும் பழைய நிறுத்தத்தில் ஒன்றரை மணி நேரம் மழையில் நின்றிருக்கிறார்கள். ஓட்டுநர் புதிய இடத்தில் பத்து நிமிடம் காத்திருந்துவிட்டு எடுத்துவிட்டார். இடம் மாறியதை முந்தின நாளே போனில் தெரிவித்ததாக நம் பதிவு காட்டுகிறது என்று வாடிக்கையாளரிடம் எடுத்துச் சொல்லப்பட்டது. தான் மறந்திருக்கக்கூடும் என்றார். சிரமத்துக்கு மன்னிக்கச் சொன்னார்.

கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மன்னிப்பு கேட்டது அவர்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அக்காவும் இரண்டு பிள்ளைகளும் மாமாவும் எங்கள் ஒற்றை அறை வீட்டில் இருந்தார்கள். கூடத்தில் ஈரத் துணி, கட்டிலடியில் சேறு படிந்த பாத்திரம். மாமா வேலை செய்த இடத்திலும் தண்ணீர் நின்று, அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். என் வேலையும் போய்விட்டால் என்ன ஆகும் என்று பயந்தேன். அது உண்மைதான். ஆனால் அது மட்டும் இல்லை. மூன்று வருடமாக என்னைப் பற்றி ஒரு புகார்கூட வந்ததில்லை. அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து டீம் லீடரிடம் பாதி சொன்னேன். அவள் என்னை விட நாலு வயது சின்னவள், நல்ல பெண்தான். "அந்தத் தீவுப் பயணத்துல ஒரு கால் நான் பண்ணேனா இல்லையான்னு எனக்கே சந்தேகமா இருக்கு" என்று இழுத்தேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது க்ளோஸ் ஆன கேஸ். கஸ்டமரே மறந்துட்டேன்னு ஒத்துக்கிட்டார். இப்ப நீ கிளறினா டீம் மொத்தத்துக்கும் கால் ரெக்கார்டு எடுப்பாங்க. சும்மா இரு."

சும்மா இருந்தேன். ஆனால் போன் எடுக்கும்போதெல்லாம் வயதான குரல் கேட்டால், அவராக இருக்குமோ என்று முதலில் எண்ணைப் பார்ப்பேன். ஏரியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நின்றுபோகும். மழையில் ஒரு தெருமுனையில் இரண்டு பேர் நிற்பது மாதிரி ஓயாமல் மனதில் வரும். அந்த அம்மா அவரிடம் திரும்பத் திரும்ப என்ன கேட்டிருப்பாள்? எங்கே போகிறோம் என்றா? அவர் என்ன பதில் சொல்லியிருப்பார்?

என் கணவர்தான் முதலில் கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "இன்னாமே, ஒரு மாசமா மூஞ்சே சரியில்ல? வூட்ல கூட்டம் ஜாஸ்தியா கீதுன்னா?"

"அதெல்லாம் இல்ல."

"அப்பறம் இன்னா பேஜாரு? சொல்லு."

சொன்னேன். முதல் தடவையாக முழுக்கச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வேணும்னா பண்ண? தண்ணி பூந்துச்சு, கரண்டு பூடுச்சு. உன் மேல இன்னா தப்பு கீது?" என்றார். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் சொன்னார். அப்போது பின்னால் பக்கெட்டை வைக்கும் சத்தம் கேட்டது. அக்கா இன்னொரு பக்கெட் துணியோடு படியேறி வந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"என் போனாலயாடி?" என்றாள்.

"இல்லக்கா."

"நான் போன் பண்ணதாலதான அந்த கெய்வனுக்கு நீ பண்ணல?"

"நீ பண்ணது தப்பில்லக்கா. பண்ணாமயே பண்ணேன்னு டிக் போட்டேன் பாரு, அதுதான் தப்பு."

அக்கா ஒரு சட்டையை எடுத்து உதறிக் கொடியில் போட்டாள். பிறகு என் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள். "நம்ம நைனா கடைசில எப்பிடிக் கீந்தாரு, நெனப்பு கீதா? சாவிய எங்க வெச்சேன், சாவிய எங்க வெச்சேன்னு கேட்டுக்கினே கீந்தாரு. நாம சொல்லச் சொல்ல அவரு மொகம் எப்பிடிப் போச்சு? தன் மண்ட மேலயே நம்பிக்க இல்லாம போறது சாதாரண விசயமாடி? நல்லாக் கீற மனுசன அப்பிடி நெனைக்க வுட்டுட்டு நீ சும்மா கீற. போன் போட்டுச் சொல்லிடு."

"வேல போய்டும்க்கா."

"போவட்டும். நாங்க வேணா நாளைக்கே எங்க வூட்டுக்குப் பூடறோம். செவுரு ஈரமாத்தான் கீது, கீட்டுமே."

அக்கா கோபத்தில் சொல்லவில்லை. சொன்னபடியே இரண்டு நாளில் கிளம்பியும் விட்டாள். தடுத்துப் பார்த்தேன். நடக்கவில்லை.

அவள் போன மறுநாள் அலுவலகத்திலிருந்தேன். டீம் லீடர் சாப்பிடப் போயிருந்தாள். பழைய பதிவைத் திறந்து அந்த எண்ணை அழுத்தினேன். அங்கே காலை பத்து மணி. நாலாவது மணியில் எடுத்தார். குரல் செப்டம்பரில் கேட்ட மாதிரி இல்லை. தயங்கித் தயங்கி வந்தது. நான் யார், எந்தப் பயணத்துக்காக அவரோடு பேசியிருக்கிறேன் என்று சொன்னேன்.

"ஓ. அதுவா" என்றார். "அதற்கு நான் அன்றைக்கே மன்னிப்பு கேட்டுவிட்டேனே. நீங்கள் சொன்னதை நான்தான் மறந்துவிட்டேன்."

"இல்லை சார். நீங்கள் மறக்கவில்லை. உங்களுக்கு யாரும் போன் செய்யவில்லை. நான்தான் செய்திருக்க வேண்டும். செய்யாமலேயே செய்ததாகக் குறித்துவிட்டேன்."

எதிர்ப்பக்கம் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. 

"மறுபடி சொல்லுங்கள்" என்றார்.

மறுபடி சொன்னேன்.

"அந்த முந்தின நாள், எங்கள் வீட்டுப் போன் அடிக்கவே இல்லையா?"

"நாங்கள் அடிக்கவில்லை சார்."

"நான் அதைத்தான் சொன்னேன். முதலில் நான் அதைத்தான் என் மகளிடம் சொன்னேன். போன் வரவே இல்லை என்று. பிறகு நீங்கள் எல்லோரும்..." மூச்சு வாங்குவது கேட்டது. "என் மகள் இங்கேதான் இருக்கிறாள். அவளிடம் சொல்லுங்கள். நீங்களே சொல்லுங்கள்."

போன் கை மாறியது. அந்தப் பெண்ணிடம் மூன்றாவது முறையாகச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"அன்றைக்கு நனைந்துபோய் வீட்டுக்கு வந்தார்கள். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. போன் வந்ததையே மறந்துவிட்டேன் என்று அப்பா சொன்னதும், இனி இவரை நம்பி அம்மாவை விட முடியாது என்று நான் முடிவு செய்தேன். அவரும் சரி என்றார். கார் சாவியை அவரே எடுத்து என்னிடம் கொடுத்தார். மூன்று வாரத்துக்கு முன்னால் அம்மாவை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டோம். அப்பாவுக்கும் டாக்டரிடம் நினைவாற்றல் பரிசோதனைக்குப் பதிவு செய்திருக்கிறேன். இதையெல்லாம் நீங்கள் இப்போது ஏன் என்னிடம் சொல்கிறீர்கள்?"

அக்காவைப் பற்றியோ வெள்ளத்தைப் பற்றியோ சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது. சொல்லவில்லை. "முன்பே சொல்லியிருக்க வேண்டும்" என்று மட்டும் சொன்னேன்.

"ஆமாம்" என்றாள். வைத்துவிட்டாள்.

நிமிர்ந்து பார்த்தபோது டீம் லீடர் சாப்பாட்டு டப்பாவோடு என் பின்னால் நின்றிருந்தாள். அவளிடமும் அப்போதே முழுவதையும் சொன்னேன். டப்பாவை மேசையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "உன்னை யார் போன் பண்ணச் சொன்னது?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த வாரம் விசாரணை நடந்தது. வேலை போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, போனிலிருந்து எடுத்து, மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதும் வேலைக்கு மாற்றினார்கள். எல்லோருடைய பழைய அழைப்புகளையும் எடுத்துச் சரிபார்த்தார்கள். அதில் இன்னும் இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள். அந்த உருது பேசும் பெண் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். மாட்டிக்கொண்டவர்களில் ஒருத்தி அவள்.

வேலை போகவில்லை என்று அக்காவிடம் போனில் சொன்னேன். "அந்த கெய்வன் இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள். அவர் மனைவியை ஏற்கெனவே இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள் என்றேன். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டார்கள் என்று சொல்லி அக்கா போனை வைத்துவிட்டாள்.

ஜனவரியில் அந்த மகளிடமிருந்து கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. கிளாஸ்கோ அலுவலகம் வருத்தம் தெரிவித்து, ஏப்ரலில் முதல் தீவுப் பயணத்தில் இரண்டு இடம் தருவதாக எழுதியிருந்தது. அதற்கான பதில். டீம் லீடர் என்னைக் கூப்பிட்டு அவள் திரையிலேயே படிக்கச் சொன்னாள்.

சின்னக் கடிதம். அப்பாவுக்குப் பரிசோதனை முடிந்தது. அவர் வயதுக்கு நினைவாற்றல் நன்றாகவே இருக்கிறது என்றார் டாக்டர். இப்போது மறுபடி கார் ஓட்டுகிறார். தினம் மத்தியானம் அம்மாவைப் பார்க்கப் போகிறார். அம்மாவை வீட்டுக்கு அழைத்து வரலாமா என்று யோசித்தோம். ஆனால் அவள் அந்த இடத்துக்குப் பழகிவிட்டாள். மறுபடி இடம் மாற்றினால் தாங்க மாட்டாள் என்கிறார்கள். இரண்டு இடம் தருவதாகச் சொன்னதற்கு நன்றி. வேண்டாம். கிறிஸ்துமசுக்குப் பிறகு அம்மா தீவைப் பற்றிப் பேசுவதில்லை.

"பதில் நீ எழுதறியா, நான் எழுதட்டுமா?" என்று டீம் லீடர் கேட்டாள்.

நானே எழுதுகிறேன் என்று என் இடத்துக்கு வந்தேன். கம்பெனி கொடுத்த மாதிரிக் கடிதம் ஒன்று இருந்தது. அதை எடுத்துப் போட்டேன், அழித்தேன். ஆங்கிலத்தில் பெரிதாக எழுதிப் பார்த்தேன். படித்தால் என் மனசு ஆறுவதற்காக எழுதின மாதிரி இருந்தது. அதையும் அழித்தேன். வெளியே இருட்ட ஆரம்பித்தபோது, கடிதம் வந்து சேர்ந்தது, இரண்டு இடங்களையும் ரத்து செய்துவிட்டோம், உங்கள் அப்பா நன்றாக இருப்பது தெரிந்து சந்தோஷம் என்று இரண்டு வரி எழுதி அனுப்பினேன். அதற்குப் பதில் வரவில்லை.